மேலே இருந்து பார்த்தால் மேற்பார்வையா?

காலையில் காபியோடு பேப்பரைப் பிரிக்கிறீர்கள். ஐந்தாம் பக்கத்தில் ஒரு செய்தி. காப்பகத்திலிருந்து இரண்டு சிறுமிகள் காணாமல் போய்விட்டார்கள். அல்லது, மீட்கப்பட்ட சிறுவன் ஒருவன் மறுபடியும் அதே செங்கல் சூளையில் கிடைத்திருக்கிறான். அல்லது, போன வருடம் தடுத்து நிறுத்தப்பட்ட ஒரு குழந்தைத் திருமணம் இந்த வருடம் சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிட்டது. ஊர் எதுவானாலும் கடைசி வரி மட்டும் மாறுவதில்லை. 'பணியில் அலட்சியமாக இருந்த பெண் ஊழியர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.'

'நல்லா வேணும்' என்று சொல்லிவிட்டு விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விடுகிறோம். நானும் அப்படிப் போய்க்கொண்டிருந்தவன்தான். சில வருடங்களாக அந்தக் கடைசி வரியைத் தாண்ட முடியவில்லை. காரணம், அந்த வரிக்குள் எனக்குத் தெரிந்த ஒரு பெண் இருந்தாள்.

நண்பரின் மகள். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள். 23 வயதில் ஒரு மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் சேர்ந்தாள். ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். சொந்த ஸ்கூட்டி, சொந்த பெட்ரோல். அவள் பார்த்த முதல் பத்துக் குடும்பங்களில் ஒன்று, 14 வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயித்திருந்த குடும்பம். யாரோ 1098-க்கு போன் செய்ய, கல்யாணம் நின்றது. அந்தச் சிறுமி ஒரு இல்லத்தில் சேர்க்கப்பட்டாள். அவளை வீட்டுக்கு அனுப்பலாமா என்று குழந்தைகள் நலக் குழு முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரு சமூக விசாரணை அறிக்கை வேண்டும். அதை எழுதும் பொறுப்பு நண்பரின் மகளுக்கு வந்தது.

வீட்டுக்குப் போனாள். சிறுமியின் அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். 'என் தலையெழுத்து என்னோட போகட்டும்மா, எம் மகளாவது படிக்கட்டும்.' இவளும் கண் கலங்கித் திரும்பினாள். 'தாயார் மனம் மாறியுள்ளார். குடும்பத்தில் ஒப்படைக்கலாம்' என்று எழுதினாள். நாலு மாதம் கழித்துப் பக்கத்து மாவட்டத்துக் கோயில் ஒன்றில் அந்தச் சிறுமியின் கழுத்தில் தாலி ஏறிவிட்டது.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அடுத்த வருட ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

ஒரு வருடம் கழித்து என்னிடம் சொன்னாள்: 'அங்கிள், அந்தம்மா அழுதப்போ எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு. என்னைப் படிக்க வைக்க எங்கம்மா எங்க பெரியப்பாகிட்ட அப்படித்தான் அழுதாங்க. அதனாலதான் நம்பிட்டேன். அந்த வீட்டு வாசல்ல பொண்ணோட மாமா ஒருத்தர் கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டே இருந்தாரு. அவர்கிட்ட நான் ஒரு வார்த்தை கூடப் பேசலை. அந்த வீட்டுல முடிவு எடுக்கறது அவருதான்னு எனக்கு உறைக்கவே இல்லை. இது புரியறதுக்கு எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.'

அவள் தப்பே செய்யவில்லை என்று வாதாட நான் வரவில்லை. தப்பு நடந்தது. ஒரு சிறுமியின் வாழ்க்கை அதற்கு விலையாகப் போனது. ஆனால், ஒரு வருடம் கழித்து அவளுக்கே புரிந்த விஷயத்தை, அறிக்கை எழுதிய அந்த வாரமே புரிய வைத்திருக்க முடியாதா? யாராவது ஒருவர் அவளை எதிரே உட்கார வைத்து, 'அந்தம்மாவை எதனால நம்புனே? வீட்டுல வேற யாரெல்லாம் இருந்தாங்க? யார்கிட்ட நீ பேசலை?' என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் போதாதா?

கேட்க ஆள் இல்லாமல் இல்லை. மேலதிகாரி இருந்தார். வாரா வாரம் திங்கட்கிழமை ரிவ்யூ மீட்டிங்கும் இருந்தது. அதில் கேட்கப்பட்ட கேள்விகள் இவை: 'எத்தனை கேஸ் பெண்டிங்? எத்தனை குளோஸ்? போட்டோ அப்லோடு பண்ணியாச்சா?'

இதற்குத்தான் நாம் மேற்பார்வை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கட்டட வேலையில் மேஸ்திரி செய்வது மேற்பார்வை. செங்கல் வரிசை நேராக இருக்கிறதா, சிமென்ட் கலவை சரியா என்று பார்க்கலாம். பார்த்தால் தெரியும். ஆனால், அடுத்தவர் வீட்டுத் துயரத்துக்குள் போய் உட்கார்ந்து, எது நிஜம், எது நடிப்பு, எது பயம் என்று தீர்மானிக்கிற வேலையை மேலே இருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த வேலைக்கான கருவி அந்த ஊழியரின் மனசு. மனசு பழுதாகியிருக்கிறதா, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வாரம் ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃப்ரெட் கடூஷின், சமூகப் பணியில் மேற்பார்வை பற்றி 1976-ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். மேற்பார்வைக்கு மூன்று வேலைகள் என்றார். முதலாவது நிர்வாகம். வேலை விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது கல்வி. செய்த வேலையிலிருந்தே ஊழியருக்குக் கற்றுக்கொடுப்பது. மூன்றாவது ஆதரவு. அந்த வேலை ஊழியர் மனதில் ஏற்றும் பாரத்தைத் தாங்கிக்கொள்ள உதவுவது. நம் ஆபீஸ்களில் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் குப்பையில் போட்டுவிட்டோம்.

1983-ல் டொனால்ட் ஷோன் என்ற இன்னொரு அமெரிக்கர், கட்டடக்கலை, மனநல சிகிச்சை, பொறியியல் போன்ற தொழில்களில் கைதேர்ந்தவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்து எழுதினார். புத்தகத்தில் படித்ததை அப்படியே எடுத்து மாட்டுவதில் அவர்கள் திறமை இல்லை. செய்துகொண்டே யோசிக்கிறார்கள், செய்த பிறகும் யோசிக்கிறார்கள் என்றார். நம் தெருமுனை மெக்கானிக்கைப் பாருங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார். ஒரு திருகு திருகுவார். மறுபடி கேட்பார். 'ம்ஹூம், இது இல்லை' என்று தன் முதல் முடிவைத் தானே தள்ளிவிடுவார். வண்டிக்குக் கொடுக்கிற இந்த மரியாதையைத்தான் மனிதர்களுக்கும் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

'அதெல்லாம் வெளிநாட்டுக் கதை சார், அங்கே எல்லாம் ஒழுங்கா இருக்கும்' என்பீர்கள். இல்லை. பணமும் சட்டமும் பயிற்சியும் இருக்கிற ஊரிலேயே இது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் ஒரு குழந்தை உயிரைக் கொடுத்து சாட்சி சொல்லியிருக்கிறது.

விக்டோரியா கிளிம்பியே. ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டுச் சிறுமி. நல்ல படிப்பு கிடைக்கும் என்று பெற்றோர் நம்பி உறவுக்காரப் பெண் ஒருத்தியோடு அனுப்பிவைத்தார்கள். 1999-ல் லண்டன் வந்தாள். 2000 பிப்ரவரி 25 அன்று, 8 வயதில் செத்துப்போனாள். உடம்பில் 128 காயங்கள். அந்த உறவுக்காரப் பெண்ணும் அவளோடு வாழ்ந்த ஆணும் கொலைக் குற்றவாளிகள் என்று 2001-ல் தீர்ப்பானது.

நெஞ்சைப் பிசைவது, அந்தக் குழந்தையை யாருமே பார்க்கவில்லை என்பது அல்ல. பல பேர் பார்த்தார்கள். நகராட்சிகளின் சமூகப் பணித் துறைகள், போலீஸ், இரண்டு ஆஸ்பத்திரிகள் என்று எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கிறாள். அரசு அமைத்த லேமிங் பிரபு விசாரணை 2003 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அவளைக் காப்பாற்ற 12 சந்தர்ப்பங்கள் இருந்தன, பன்னிரண்டும் கோட்டை விடப்பட்டன என்றது.

அந்த அறிக்கையில் ஓர் இடம் என்னை உலுக்கியது. அந்தச் சிறுமி, தன்னை வளர்த்தவர்கள் முன்னால் ராணுவச் சிப்பாய் மாதிரி விறைப்பாக நின்றிருக்கிறாள். ஹாரிங்கே என்ற பகுதியில் அவள் விஷயத்தைக் கவனித்த இளம் சமூகப் பணியாளர் அதைத் தெரிந்துகொண்டு என்ன நினைத்தார் தெரியுமா? 'பெரியவர்களிடம் மரியாதையும் கீழ்ப்படிதலும் நம் மாதிரிக் குடும்பங்களில் சகஜம்தானே' என்று. அவரும் கறுப்பினத்தவர். அவருக்குத் தெரிந்த வீடுகளை வைத்து இந்த வீட்டைப் படித்துவிட்டார். மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டது, அந்தக் குழந்தையின் மரண பயம்.

நண்பர் மகளின் கதை ஞாபகம் வருகிறதா? 'எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு' என்றாளே, அதேதான். கடல் தாண்டினாலும் மனசு ஒரே மாதிரிதான் சறுக்குகிறது.

இன்னொன்று. விக்டோரியாவுக்கு சிரங்கு இருப்பதாக டாக்டர் ஒருவர் சொன்னதும், தொற்றிக்கொள்ளும் என்ற பயத்தில், வீட்டைப் போய்ப் பார்க்கும் திட்டம் ஒன்று கைவிடப்பட்டது. அந்தப் பயத்தை வெளிப்படையாகச் சொல்ல ஓர் இடம் இருந்து, 'பயமா இருக்கா, பரவாயில்லை, நான் கூட வர்றேன்' என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால்? அந்தப் பணியாளருக்கு மேலே அதிகாரிகள் இருந்தார்கள். கோப்பை ஒழுங்காகப் படித்து, இவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டவர்கள் இல்லை. நல்ல மேற்பார்வைதான் சமூகப் பணிக்கு அஸ்திவாரம் என்று லேமிங் அறிக்கை அழுத்திச் சொன்னது. ஆனால் பத்திரிகைகளில் முகம் கிழிந்தது யாருக்கு? கீழ்மட்டத்து இளம் பெண்ணுக்குத்தான். வேலை போனது. குழந்தைகளோடு வேலை செய்யவே தடை வந்தது. தீர்ப்பாயம் வரை போய்த்தான் அந்தத் தடையை அவரால் நீக்க முடிந்தது.

அதன் பிறகு இங்கிலாந்து திருந்திவிட்டதா? உடனே இல்லை. லேமிங்கின் 108 பரிந்துரைகளை வைத்துப் படிவம் படிவமாகத் தயாரித்தார்கள். 2007-ல் அதே ஹாரிங்கேயில் 17 மாதக் குழந்தை ஒன்று வீட்டுச் சித்திரவதையில் செத்தது. ஐலீன் மன்ரோ என்ற பேராசிரியர் தலைமையில் மறுபடி ஆய்வு நடந்து, 2011-ல் அறிக்கை வந்தது. விதியைச் சரியாகப் பின்பற்றினோமா என்று பார்ப்பதிலேயே எல்லோரும் மூழ்கி, குழந்தைக்கு உதவி கிடைத்ததா என்று யோசிக்க மறந்துவிட்டோம் என்பதுதான் அதன் சாரம். 2012 முதல் அங்கே புதிதாக வேலைக்கு வரும் சமூகப் பணியாளருக்கு முதல் வருடம் ஒரு தனித் திட்டம். முதல் 6 வாரம் வாரா வாரம், பிறகு 6 மாதம் ஆகும்வரை 2 வாரத்துக்கு ஒருமுறை, அதன் பின் குறைந்தது மாதம் ஒருமுறை மேற்பார்வை உரையாடல். பட்ட பிறகுதான் வந்தது என்றாலும், வந்தது.

நம் ஊருக்கு வருவோம். இங்கே இருக்கிற வேடிக்கை உலகத்தில் வேறு எங்காவது இருக்குமா தெரியவில்லை.

சமூகப் பணிக் கல்வி நமக்குப் புதிது அல்ல. 1936-ல் பம்பாயில் டாடா அறக்கட்டளை கல்லூரி தொடங்கியது. சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய கல்லூரி இன்றும் இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க இப்போது எம்.எஸ்.டபிள்யூ. சொல்லித் தரும் கல்லூரிகள் ஏராளம். அங்கே படித்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். வாரம் 2 நாள் களப்பணி. குப்பத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கோ போக வேண்டும். பார்த்ததை, பேசியதை, தனக்குத் தோன்றியதை அறிக்கையாக எழுத வேண்டும். அதை ஒரு பேராசிரியர் படித்துவிட்டு, மாணவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். 'இந்த இடத்துல உனக்கு ஏன் கோபம் வந்தது?' என்று கேட்பார். பிறகு சக மாணவர்களோடு குழுவாக ஒரு பேச்சு. எல்லாக் கல்லூரியிலும் இது உருப்படியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். பல இடங்களில் கையெழுத்தோடு சரி. ஆனால் பாடத்திட்டத்தில் இருக்கிறது. மதிப்பெண் இருக்கிறது.

ஆக, ஒரு தவறு செய்தாலும் பெரிதாக யாருக்கும் ஆபத்து இல்லாத மாணவப் பருவத்தில் 2 வருடம் மேற்பார்வை. ஒரு கையெழுத்தில் ஒரு சிறுமியின் வாழ்க்கை மாறிவிடக்கூடிய வேலையில் சேர்ந்த அன்றோடு அது நின்றுபோகிறது. நீச்சல் குளத்தில் மிதவை கட்டி இறக்கிவிட்டு, நடுக்கடலில் அவிழ்த்து விடுகிறோம்.

வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது. நர்ஸுக்குக் கவுன்சில் இருக்கிறது. சமூகப் பணியாளர்கள் தங்களுக்கென்று ஒரு தேசியக் கவுன்சில் கேட்டுப் பல வருடங்களாகத் தொண்டை வறளக் கத்துகிறார்கள். மருத்துவ, மனநலத் துறைச் சமூகப் பணியாளர்களை மட்டும் 2021-ல் வந்த ஒரு சட்டம் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. குழந்தைகள் இல்லத்திலும் முதியோர் இல்லத்திலும் குப்பத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்றும் இல்லை.

1996-ல் மும்பையில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய 1098 சேவையை 2023-ல் அரசுகளே நேரடியாக எடுத்துக்கொண்டன. அப்போது நடந்த விவாதமெல்லாம் அந்த போனை யார் எடுப்பது என்பது பற்றித்தான். எடுத்தவர், ராத்திரி 2 மணிக்கு ஒரு குழந்தை அந்தப் பக்கத்திலிருந்து சொன்னதைக் கேட்டுவிட்டு, காலையில் யாரிடம் போய்ப் பேசுவார் என்று ஒருவரும் கேட்கவில்லை. 2022-ல் நீட் எழுதிய மாணவர்களுக்கு போனில் மனநல ஆலோசனை கொடுக்கத் தமிழக அரசு ஏற்பாடு செய்தது. நல்ல காரியம். கை தட்டினேன். ஒரே நாளில் அத்தனை பிள்ளைகளின் அழுகையைக் கேட்ட ஆலோசகர் மாலையில் யாரிடம் போய் அழுதார்?

இதைப் பேசினால் நாலு பதில்கள் ரெடியாக வரும். நாலையும் கேட்டுச் சலித்துவிட்டது.

'நேரம் எங்கே சார் இருக்கு?' ஒரே தகவலை மூன்று படிவத்தில் நிரப்ப நேரம் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் மாலை மாலை போட்டோ போட நேரம் இருக்கிறது. அமைச்சர் வந்தால் வரவேற்பு வளைவு கட்ட நாள் கணக்கில் நேரம் இருக்கிறது. 2 வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓர் ஊழியரோடு உட்கார மட்டும் இல்லையா?

'பணம் எங்கே இருக்கு?' இதில் நியாயமும் இருக்கிறது, பாசாங்கும் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை வாங்கும் தொண்டு நிறுவனங்கள் நிர்வாகச் செலவுக்கு 50 சதவிகிதம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்ததை, 2020-ல் 20 சதவிகிதமாக மத்திய அரசு சுருக்கிவிட்டது. நெருக்கடி வந்தால் கத்தரி எதில் விழும்? வாடகையில் விழாது. ஆடிட்டர் ஃபீஸில் விழாது. அதற்கு முன்னால் மட்டும் என்ன வாழ்ந்தது? நன்கொடையாளர்களுக்குத் தட்டு தட்டாகச் சோறு போட்ட போட்டோ வேண்டும். ஊழியர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும் போட்டோவுக்கு யார் செக் எழுதுவார்கள்?

'சேவை மனப்பான்மை இருந்தா இதெல்லாம் தேவையில்லை.' நான்கிலும் மோசமான பதில் இதுதான். சேவை என்ற ஒரு வார்த்தையை வைத்து நியாயமான சம்பளத்தை மறுத்தோம். விடுமுறையை மறுத்தோம். இப்போது யோசிக்கும் உரிமையையும் மறுக்கிறோம். அதிலும் தனி ஒருவர் தொடங்கி வளர்த்த பல தொண்டு நிறுவனங்களில் 'ஐயா'வோ 'அம்மா'வோ சொன்னதுதான் வேதம். அவர் செய்தது சரியா என்று அவரையே கேட்க அந்த வளாகத்தில் ஓர் ஆள் கிடையாது. அரசனுக்கே இடித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். இந்த ஐயாக்களின் அறையில் வள்ளுவர் படம் மட்டும் பெரிதாக மாட்டியிருக்கும்.

'மனசு திடமில்லாதவங்க இந்த வேலைக்கு வரக் கூடாது.' சரி, திடமாகிவிட்ட மனசு எப்படி இருக்கும் என்று பார்ப்போமா? 1950-களின் கடைசியில் இசபெல் மென்ஸீஸ் என்ற ஆய்வாளர் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ்கள் வேலை செய்யும் முறையை ஆராய்ந்தார். ஒரு நர்ஸ் ஒரு நோயாளியோடு நெருங்கிவிடாதபடி வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். நோயாளிக்குப் பெயர் இல்லை. படுக்கை எண்ணும் கெட்டுப்போன உறுப்பும்தான் அடையாளம். வலியையும் சாவையும் தினம் பார்க்கிற பதற்றத்தைத் தாங்க முடியாமல் அந்த அமைப்பே தனக்குப் பூட்டிக்கொண்ட கவசம் அது என்று அவர் கண்டுபிடித்தார். கவசத்தால் பதற்றம் தீர்ந்துவிடவும் இல்லை.

அந்தக் கவசத்தை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் அம்மாவை அழைத்துக்கொண்டு போன ஆஸ்பத்திரி வார்டில், 'தள்ளி நில்லுங்க, சும்மா சும்மா கேக்காதீங்க' என்று எரிந்து விழுந்தாரே, அவர் முகத்தில். காப்பகத்தில் பிள்ளைகளை 'ஏய் பதினேழு, இங்க வா' என்று நம்பர் சொல்லிக் கூப்பிட்டாரே, அந்த வார்டன் குரலில். அவர்கள் எல்லோரும் கெட்டவர்களாகப் பிறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் வீட்டுக்குப் போய் அழுதிருப்பார்கள். கேட்க ஆள் இல்லாததால் அழுகை நின்றது. தோல் தடித்தது. அந்தத் தடித்த தோலில் முட்டிக்கொள்வது நீங்களும் நானும் நம் பிள்ளைகளும்தான்.

இது முடியாத காரியமும் இல்லை. என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சுனாமி வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. 2005-ன் தொடக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். தற்காலிகக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய்ப் பேச உள்ளூர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். பெரிய படிப்பு இல்லாதவர்கள். தினமும் சாயங்காலம் ஒரு மரத்தடியில் கூடுவார்கள். பயிற்சி கொடுத்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். ரெஜிஸ்டர் கிடையாது. எல்லோருக்கும் டீ வந்த பிறகு இரண்டே கேள்வி கேட்பார்.

'இன்னைக்கு எந்த வீட்டை விட்டு வர மனசில்லாம வந்தீங்க?'

எல்லோரும் பேசுவார்கள். பாட்டி ஒருத்தியைப் பற்றி, கைக்குழந்தை ஒன்றைப் பற்றி. அப்புறம் இரண்டாவது கேள்வி.

'எந்த வீட்டுக்குப் போகாமத் தப்பிச்சீங்க?'

நான் போயிருந்த அன்று, இந்தக் கேள்விக்குப் பிறகு அமைதி. ஒரு பையன் தலை குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தான். கடைசியில் சொன்னான். மூன்று பிள்ளைகளையும் கடலில் விட்டுவிட்ட ஒரு மனுஷர். ஒரு வாரமாக அவர் வீட்டைத் தாண்டித் தாண்டிப் போகிறானாம். நோட்டில் மட்டும் 'சந்தித்தேன்' என்று எழுதிவிடுகிறானாம். 'அவரு ஒண்ணுமே பேச மாட்டேங்குறாருக்கா. என்ன சொல்றதுன்னு தெரியலை. எங்க அண்ணன் மக ஞாபகம் வந்துருது.'

நம் ஆபீஸாக இருந்தால் என்ன நடந்திருக்கும்? பொய்க் கணக்கு எழுதியதற்கு மெமோ. அந்த அம்மா கேட்டார்: 'உங்க அண்ணன் மக பேரு என்ன?' அவன் பேரைச் சொன்னான். சொல்லிவிட்டு உடைந்து அழுதான். பக்கத்தில் இருந்த பெண் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா சொன்னார்: 'நாளைக்கு நீங்க ரெண்டு பேருமா போங்க. ஒண்ணும் சொல்ல வேணாம். பக்கத்துல உக்காந்துட்டு வாங்க. நோட்டுல நடந்ததை மட்டும் எழுதுங்க.' மறுநாள் போனார்கள். மூன்றாம் நாள் அந்த மனுஷர் அவர்களிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். பத்து நாளில் அவர் யாரிடமும் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

இதற்கு என்ன செலவு? டீக் காசு. ஒரு மணி நேரம். உண்மையைச் சொன்னால் வேலை போகாது என்ற ஒரு நம்பிக்கை.

அந்தக் கடைசி விஷயம் முக்கியம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் அதிகாரியிடமே போய் 'எனக்குப் பயமா இருந்தது, அதனால போகலை' என்று எந்த ஊழியர் சொல்வார்? அதனால்தான் கணக்குக் கேட்கிறவரும் மனசைக் கேட்கிறவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்கிறேன். ஓய்வுபெற்ற அனுபவசாலிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மாவட்டத்துக்கு இரண்டு பேரை அமர்த்தினால் போதும், தொடங்கிவிடலாம்.

அரசிடம் நான் கேட்பது இரண்டு. ஒன்று, குழந்தைகள், பெண்கள், முதியோர், மனநோயாளிகள் என்று யாருக்காக வேலை செய்யும் களப்பணியாளராக இருந்தாலும், 2 வாரத்துக்கு ஒரு மணி நேரம், வேலை நேரத்திலேயே, இந்த உரையாடல் அவர்களின் உரிமை என்று பணி ஆணையிலேயே எழுதுங்கள். இரண்டு, இனி ஒரு குழந்தைக்கு ஏதாவது நடந்து விசாரணை வைத்தால், அறிக்கையில் ஒரு கேள்விக்குக் கட்டாயம் பதில் இருக்கட்டும்: 'இந்த ஊழியரோடு கடைசியாக உட்கார்ந்து பேசியது யார், எப்போது, எதைப் பற்றி?' பதில் 'யாருமில்லை' என்றால் மெமோ மேல்மாடிக்கும் போகட்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பிள்ளையின் பிறந்தநாளுக்கு இல்லத்துக்குப் போய் மதியச் சாப்பாடு போடுகிறீர்கள். போட்டோ எடுக்கிறீர்கள். நல்லது, செய்யுங்கள். கிளம்பும்போது, பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு ஓரமாக நிற்கிற அந்த வார்டனம்மாவிடம் கேளுங்கள். 'உங்களுக்குக் கஷ்டமா இருந்தா யார்கிட்ட சொல்வீங்க?' அவர் சிரித்து மழுப்பினால், நிர்வாகியிடம் போய் அதே கேள்வியைக் கேளுங்கள். பணம் கொடுக்கிறவர் கேட்டால் பதில் வரும். அடுத்த வருடமும் கேளுங்கள்.

நண்பரின் மகள் இப்போது ஒரு தனியார் கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறாள். முன்பைவிட மூன்று மடங்கு சம்பளம். போன மாதம் பார்த்தபோது, 'அந்த வேலையை மிஸ் பண்றியா?' என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'அந்தப் பொண்ணுக்கு இப்ப எத்தனை வயசு இருக்கும்னு அடிக்கடி கணக்குப் போட்டுப் பாப்பேன் அங்கிள்' என்றாள்.

வேலையை விட்டுப் போன பிறகும் யோசித்துக்கொண்டிருக்கிற ஒருத்தியை 'அலட்சியமாக இருந்த ஊழியர்' என்று எழுதி அனுப்பிவிட்டோம். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இன்றைக்கு இன்னொரு 23 வயதுப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். திங்கட்கிழமை மீட்டிங்குக்கு பெண்டிங் லிஸ்ட் தயார் செய்துகொண்டிருக்கிறாள்.